பால் பவுடர் விளம்பரங்கள் குறித்து உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

அனைவருக்கும் வணக்கம். கைக்குழந்தைகளுக்கான பால் பவுடர், பால் புட்டி ஆகியவற்றின் சலுகை விளம்பரங்களும் இலவச மாதிரி பற்றிய செய்திகளும் நம் குழுவில் அடிக்கடி வருகின்றன. இனி அவற்றைப் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1992ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்ட மத்திய அரசின் சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய தாய்ப்பால் மாற்றுகளையும் குழந்தை உணவுகளையும் பால் புட்டிகளையும் விளம்பரம் செய்வதையும், அவற்றின் விற்பனையைப் பெருக்குவதற்காகத் தாய்மாருக்கு இலவச மாதிரியோ பரிசோ கொடுப்பதையும் தடை செய்கிறது. பால் பவுடர் டப்பாவின் மேல் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக் கூடாது என்பதும் அச்சட்டத்தின் விதியே. இந்தக் கண்டிப்பு மிகவும் நியாயமானது என்பது எங்கள் கருத்து. குழந்தை மார்பில் சப்பிக் குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும் என்பதால், இலவசமாக வந்த ஒரு டப்பாவே சுரப்பைக் குறைத்து, பிறகு மாதந்தோறும் விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளிவிடக்கூடும்.

மருத்துவக் காரணத்தால் பவுடர் பால் கொடுக்கும் எந்தத் தாயையும் நாங்கள் குறை கூறவில்லை. அவர்களை யாரும் இங்கே கேள்வி கேட்கவும் கூடாது.

பால் போதவில்லை என்று கவலைப்படுவோர், கடைக்குச் செல்வதற்கு முன் தங்கள் பகுதிச் சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகி, குழந்தையை மார்பில் சரியாகப் பிடித்துக்கொள்ளும் முறையைக் கேட்டறியுங்கள். பயணத்தின்போது, தமிழக அரசு 2015 ஆகஸ்டு முதல் பேருந்து நிலையங்களில் அமைத்துள்ள பாலூட்டும் அறைகளைத் தயக்கமின்றிப் பயன்படுத்துங்கள். அறை பூட்டிக் கிடந்தால் நிலைய அலுவலகத்தில் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அப்படியும் திறக்கப்படாவிட்டால் ஊரின் பெயரைக் குறிப்பிட்டு இங்கே பதிவிடுங்கள், நாங்கள் நகராட்சிக்கு மனு அனுப்புகிறோம்.

– குழு நிர்வாகிகள்