அப்பத்தாவைப் பெற்றவளின் பெயரைத் தேடித் தரக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்

பொருள்: 1936, 1937-ஆம் ஆண்டு கிராம இறப்புப் பதிவேட்டில் கணவர் பெயரை வைத்துத் தேடித் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள், குறைதீர்க்கும் நாளில் பெற்ற ரசீது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடும்பத்துப் பெண்களின் வரலாற்றைத் திரட்டி வருகிறேன். ஆண்கள் பெயர் பட்டாவிலும் பழைய கிரயப் பத்திரங்களிலும் கேட்டவுடன் கிடைக்கிறது. பெண்கள் வழியில் என் அப்பத்தாவைத் தாண்டி ஒரு எட்டு வைக்க முடியவில்லை. முந்தைய மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறேன்.

1. அப்பத்தாவுக்கு வயது தொண்ணூறு. அவருடைய அம்மா மணப்பாறைப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர் என்பதால் ஊரே ‘மணப்பாறைக்காரி’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. அவர் இறந்தபோது அப்பத்தா கைக்குழந்தை. உண்மையான பெயர் தெரிந்தவர்கள் ஒருவர்கூட இன்று இல்லை.

2. கண்மாய்க்கரை ரோட்டில், மடைக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் சுமைதாங்கிக்கல்லை நீங்கள் ஜீப்பில் போகும்போது பார்த்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த அந்த அம்மாவின் நினைவாக, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட கல் அதுதான். சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தோம். ‘தாது வருஷம் தை மாதம்’ என்றும், அதற்குக் கீழே ‘உபயம்’ என்று அவர் கணவரின் பெயரும் இருக்கின்றன. யாருக்காகக் கல் நட்டார்களோ அவர் பெயர் அதில் இல்லை ஐயா.

3. தாது வருஷம் தை என்றால் 1937 ஜனவரி, பிப்ரவரி. சாவு அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்திருக்க வேண்டும். ஆக, ஒரே ஊர், இரண்டே வருடத்து ஏடு. ஊர்க் கணக்கையும் பதிவேடுகளையும் வைத்திருந்த கர்ணம், முன்சீப் பதவிகளை 1980-இல் ஒழித்தபோது எங்கள் ஊர்ப் பழைய ஏடுகள் தாலுகா ஆபீசுக்குத்தான் வந்தன என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கட்டு ரெக்கார்டு ரூமில் இருப்பதை அலுவலகத்திலும் மறுக்கவில்லை.

4. இதுதான் எங்களை நோகடிக்கிறது. இறந்தவர் பெயரை எழுதினால்தான் தேட முடியும் என்று மனுவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பெயர் தெரியாமல்தானே ஐயா உங்களிடம் வந்திருக்கிறோம்! கணவர் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வருடம் இருக்கிறது, பெண், வயது இருபதுக்குள், பிரசவ காலத்துச் சாவு, இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகும் அந்த முதல் கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக மனு நிற்கிறது. போன முறை அப்பத்தாவையே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன். “அம்மா பேரு என்னம்மா?” என்று கவுன்ட்டரில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “தெரியலையேய்யா” என்றார். அதற்கும் “தெரிஞ்சுக்கிட்டு வாங்க” என்றுதான் பதில். தொண்ணூறு வயதுக்காரர் இனி யாரிடம் போய்த் தெரிந்துகொண்டு வருவார்? நீங்களே சொல்லுங்கள்.

5. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லலாம் என்கிறது. இறப்புக்கான காரணத்தை நகலில் தரக்கூடாது என்றும் சொல்கிறது. சரி, காரணம் எங்களுக்குத் தெரியும், அது வேண்டாம். பெயர் மட்டும் போதும்.

6. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில்தான். ஒரு பெண்ணுக்குச் சொந்தப் பெயர் பதிவாக வேண்டும் என்று அன்றைக்கு அரசாங்கம் அவ்வளவு கறாராக இருந்தது. இன்றைக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பெயரைப் பார்த்துச் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்?

7. ஏட்டிலும் ‘இன்னார் பெண்சாதி’ என்று மட்டுமே எழுதியிருக்கலாம். கரையான் அரித்திருக்கலாம். அப்படியென்றால் அதையாவது எழுதிக் கொடுங்கள். பார்க்காமலேயே இல்லை என்று சொல்லாதீர்கள். ரெக்கார்டு ரூம் கூரை ஒழுகுவது உங்களுக்கே தெரியும், இன்னொரு ஐப்பசி மழையை அந்தக் கட்டு தாங்குமா?

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம் ஐயா. அப்பத்தா தினமும் “ஆபீசுல என்ன சொன்னாக?” என்று கேட்கிறார். தயவுசெய்து கணவர் பெயரை வைத்து அந்த இரண்டு வருட ஏட்டைத் தேட உத்தரவிடுங்கள். ஆள் இல்லையென்றால், உங்கள் ஊழியர் முன்னிலையில் நானே பக்கம் பக்கமாகப் பார்க்கிறேன், ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். கட்டணம் எவ்வளவு என்றாலும் அன்றைக்கே கட்டிவிடுகிறேன். மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், தேடச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர் (பேத்தி)

இணைப்பு: சுமைதாங்கிக்கல்லின் புகைப்படம், அப்பத்தாவின் ஆதார் நகல், முந்தைய மனுக்களின் நகல்கள்.