வெந்த கையும் உன் முழங்காலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் போடாததற்குப் பாதி காரணம் சோம்பேறித்தனம், மீதி கை வெந்துபோனது. பயப்படாதே, கொப்புளம்கூட வரவில்லை, இரண்டு நாள் எரிச்சலோடு சரி. ஆனால் அது வெந்த கதை, ஒலி ஒன்றாக இருக்கும் தமிழ், ஆங்கிலச் சொற்களை ஜோடி சேர்த்து எல்லாம் சொந்தக்காரர்கள் என்று நீ அனுப்பிய பட்டியலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் போல்ட்சானோ போயிருந்தோம். முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியாவிடம் இருந்து, பிறகு இத்தாலிக்குப் போன ஊர். அந்த மாகாணத்தில் இன்றைக்கும் பெரும்பாலானவர்களுக்குத் தாய்மொழி ஜெர்மன்தான், தெருப்பலகைகூட இரண்டு மொழியிலும் இருக்கும். தங்கிய இடத்துக் குளியலறைக் குழாயில் மட்டும் இத்தாலிய எழுத்து: ஒன்றில் சி, இன்னொன்றில் எஃப். எனக்கு என்ன சந்தேகம்? சி என்றால் 'கோல்டு', ஜெர்மனில் 'கால்ட்'. எஃப் என்றால் ஜெர்மன் 'ஃபொயர்', நெருப்பு. இருபது வருட ஜெர்மன் அறிவு அரை நொடியில் வேலை செய்து முடித்தது. சி-யைத் திறந்து கையை நீட்டினேன்.

இத்தாலியில் 'கால்டோ' என்றால் சூடு. 'ஃப்ரெட்டோ' என்றால்தான் குளிர்ச்சி. கால்ட், கால்டோ, ஒரு ஓகாரம்தான் வித்தியாசம், அர்த்தமோ நேர் எதிர், இரண்டுக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது.

சரி, அந்தக் 'கோல்டு'க்கு இத்தாலியில் உறவே இல்லையா என்றால், இருக்கிறது. அன்று சாயங்காலம் வெந்த கையைச் சமாதானப்படுத்தப் பிடித்துக்கொண்டிருந்தேனே ஒரு கோப்பை 'ஜெலாட்டோ', அதுதான். இரண்டுக்கும் ஒரே மூதாதை: லத்தீனில் 'கெல்' என்று மென்மையான க-வோடு (g) தொடங்கும் உறைகிற சொல், ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானியப் பக்கத்தில் வன்மையான 'க்' (k) ஆகிவிட்டது. இப்படிச் சொற்கள் ஒழுங்காக வரிசையில் மாறியதை 1822-இல் விதியாக எழுதி வைத்தவர் யாக்கோப் கிரிம், குழந்தைகளுக்குத் தேவதைக் கதை தொகுத்த அண்ணன் தம்பியில் அண்ணன்காரர். அவர் விதிப்படி லத்தீனில் வன்மையான 'க்' இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் 'ஹ்' வரும், கொம்புக்கு லத்தீனில் 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்' என்பது மாதிரி.

இதில் நான் ரசிக்கிற ஜோடி வேறு. ஜெர்மனில் 'ஹாபன்', லத்தீனில் 'ஹபேரே', இரண்டுக்கும் 'வைத்திருப்பது' என்றே அர்த்தம், ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, யார் பார்த்தாலும் இரட்டைப் பிள்ளை என்பார்கள். உண்மையில் ஹாபனுக்குச் சொந்தம் லத்தீன் 'கபேரே', அதாவது பிடிப்பது. ஹபேரேக்குச் சொந்தமாகச் சொல்லப்படுவது ஜெர்மன் 'கேபன்', ஆங்கில 'கிவ்', அதாவது கொடுப்பது! வைத்திருப்பவனும் கொடுப்பவனும் ஒரே வீட்டுக்காரர்கள்.

அந்தக் கொடுப்பதிலிருந்து வந்ததுதான் 'கிஃப்ட்'. இங்கே ஜெர்மனியில் கடையில் எலி மருந்துப் பெட்டியில் போட்டிருப்பார்கள், ஜெர்மனில் அதற்கு விஷம் என்று பொருள். கிரேக்க மருத்துவர்கள் ஒரு வேளைக்குக் 'கொடுக்கும்' அளவை 'டோஸிஸ்' என்றார்கள், அதைப் பார்த்து ஜெர்மன்காரர்களும் கொடுப்பதையே மருந்தாக்கி, விஷத்தை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு அதன் பெயராகவும் ஆக்கிவிட்டார்கள். நாம் பாம்பை நல்லது என்கிறோமே, அந்த ஜாதி. சீர் வரிசைக்கு மட்டும் இன்றும் 'மிட்கிஃப்ட்' என்றே பெயர். ஸ்வீடனில் அதே எழுத்தில் எழுதினால் கல்யாணமானவர் என்றும் அர்த்தம், விஷம் என்றும் அர்த்தம். எல்லாரும் சொல்லும் ஜோக்கை நானும் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஒலி ஒன்று, பொருள் நேர் எதிர் என்பதற்கு இன்னொன்று: கிரேக்கத்தில் 'நே' என்றால் 'ஆமாம்', எல்லை தாண்டிப் பல்கேரியா போனால் அதே 'நே'க்கு 'இல்லை' என்று பொருள். தலையாட்டிச் சமாளிக்கலாம் என்றால் பல்கேரியர்கள் அதையும் தலைகீழாக ஆட்டுகிறார்கள்.

இப்போது உன் பட்டியல். 'எட்டு', 'எய்ட்' ஒலிப்பைப் பார், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நான் என்ன சொல்வேன் தெரியுமா, அந்தச் சொற்களோடு காலத்தில் பின்னால் நடந்து பார். ஆங்கிலச் சொல்லைப் பின்தொடர்ந்து போனால் ஜெர்மன் 'ஆஹ்ட்', லத்தீன் 'ஆக்டோ', சமஸ்கிருத 'அஷ்ட' என்று ஒரு க-வோ ச-வோ நடுவில் வந்து உட்காருகிறது. நம் எட்டைப் பின்தொடர்ந்தால் எண்பது, எண்ணூறு, எண்திசை, 'எண்'தான் நிற்கிறது. பின்னால் போகப் போக விலகுகிறார்கள், சொந்தக்காரர்கள் என்றால் நெருங்கியிருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, பட்டியலில் 'ஜிஞ்சர்' சரிதான், அதன் பழைய வேரில் நம் இஞ்சி இருப்பது ஆராய்ச்சிக்காரர்களே ஒப்புக்கொள்வது.

அப்புறம், முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே. ஆங்கிலத்தில் 'நீ' என்று சொல்லிவிட்டு முன்னால் ஒரு கே-யைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஜெர்மன்காரர்கள் இன்னும் அதை விடாமல் 'க்னீ' என்கிறார்கள். லத்தீனில் 'கெனு', சமஸ்கிருதத்தில் 'ஜானு'. பள்ளியில் உன்னை ஆஜானுபாகு என்று தமிழ் ஐயா கூப்பிடுவாரே, கை முழங்கால் வரை நீண்டவன் என்று, அதே ஜானு. ஜானு நம்மிடம் கடனாக வந்த சொல், ஆனால் லத்தீன் 'கெனு'வுக்கும் ஜெர்மன் 'க்னீ'க்கும் நடுவில் இருப்பது ஜெலாட்டோ கதையின் அதே மாற்றம்தான். உன்னுடைய ஜானு மாடிப்படி ஏறுகிறதா இல்லையா? டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது. நான் டிசம்பரில் வருகிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்