காற்றுக்குப் பயப்படுகிறோம், தண்ணீருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரீஷியஸில் புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை ஜன்னலுக்குப் பலகை அடிப்பதுதான். பாட்டி சொன்ன 1960 கரோல் புயல், அப்பா பார்த்த 1975 ஜெர்வேஸ் புயல் என்று கேட்டே வளர்ந்ததால், ஆபத்து என்றாலே கூரையைப் பிய்க்கும் காற்றுதான் கண்முன் வருகிறது. ஆனால் 2013 மார்ச் 30 அன்று தலைநகர் போர்ட் லூயியில் புயலே இல்லை, வெறும் மழைதான், வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். சரி, அப்புறமாவது மாறினோமா? 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோதும் எத்தனையோ பேர் காரோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதுவே அடிக்கடி நடக்கும் என்று மனம் கணக்குப் போடும், உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-லேயே இதை எழுதிவிட்டார்கள். ஓடும் வெள்ளம் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்ன காரைத் தள்ளிவிடும், அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்குக் கரோல் கதை மட்டும் போதாது. 2013-ல் தப்பித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை ஒவ்வொரு புயல் பருவத்துக்கு முன்பும் நீங்கள் வெளியிட வேண்டும்.

ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்