தழும்பின் ஓரத்தில் ஒரு பொருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறுப்பு தானம் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் 2006-இல் சிறுநீரகம் பெற்றவன்தான். மாத்திரை, தண்ணீர், உப்பு, முகக்கவசம் என்று எல்லாவற்றையும் பொறுப்பாக எழுதியவர் தோலை மட்டும் விட்டுவிட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். இங்கே மாற்று உறுப்பு பெற்றவர்களை வருடம் ஒரு முறை தோல் டாக்டரிடம் அனுப்புவார்கள். கறுத்த தோலுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று இரண்டு மூன்று வருடம் நான் போகவேயில்லை. 2017-இல் போனபோது சாக்ஸையும் கழற்றச் சொன்னார். வலது கெண்டைக்காலில், தூத்துக்குடியில் படித்த காலத்தில் சைலன்சர் சுட்ட தழும்பு. அதன் ஓரத்தில் மிளகளவு பொருக்கு. உதிரும், திரும்பக் கட்டும். சொறிந்த புண் என்று ஆறேழு மாதமாக விட்டிருந்தேன். வெட்டிச் சோதித்ததில் செதிள் செல் புற்று, தோல் புற்றுநோயில் ஒரு வகை. நல்லவேளை, பரவவில்லை.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறோம். கெட்டுப்போன செல்லைக் களையெடுப்பதும் அதே சக்திதான். அதுவும் நான் சாப்பிட்ட அசதயோபிரின், வெயில் தோலில் செய்யும் சேதத்தை இன்னும் கூட்டும். உறுப்பு மாற்றிய வெள்ளைத் தோல்காரர்களுக்கு இந்தப் புற்று, மாற்றாதவர்களைவிட 65 மடங்குக்கும் மேல் வருகிறது. நமக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் வரும்போது வெயிலே படாத இடத்திலும், பழைய தழும்பிலும், தொடை இடுக்கிலும்கூட வரலாம். அங்கெல்லாம் நாம் காட்டக் கூச்சப்படுவோம்.

கிளினிக்கில் என்னோடு காத்திருக்கும் கரும்பு விவசாயி ஒருவர் உண்டு, வெள்ளைக்காரர். அவர் புறங்கை கருவேலம்பட்டை மாதிரி இருக்கும். இதுவரை எத்தனை கட்டி வெட்டினார்கள் என்ற கணக்கை அவரே விட்டுவிட்டார். அவருக்கு அசிட்ரெடின் கொடுத்தார்கள். வைட்டமின் ஏ வழி வந்த மருந்து. தோல் செல் தறிகெட்டு வளராமல் ஒழுங்காக முதிர வைக்கும். நெதர்லாந்தின் லெய்டனில் சிறுநீரகம் பெற்ற 38 பேரிடம் ஆறு மாதம் சோதித்து 1995-இல் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்ட 19 பேரில் 2 பேருக்குப் புதிதாகப் புற்று வந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்ட 19 பேரில் 9 பேருக்கு.

அவருக்கும் நன்றாகத்தான் கேட்டது. ஆனால் உதடு வெடித்து, சட்டைப் பையில் எப்போதும் பப்பாளிக் களிம்பு. முடி கொட்டியது, ரத்தத்தில் கொழுப்பு ஏறியது. எரிச்சலில், வடக்கே சுற்றுலா போன இடத்தில் தானாகவே நிறுத்திவிட்டார். சில மாதத்தில் கையிலும் காதிலும் வரிசையாகக் கட்டிகள். சாப்பிடும் வரைதான் அது காவல் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். இப்போது 10 மில்லிகிராமில் திரும்பவும் ஆரம்பித்திருக்கிறார்.

இதே மாத்திரை நம்மூரில் சொரியாசிஸுக்குக் கிடைக்கிறது. சிறுநீரகம் மாற்றியவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய்விட வேண்டாம். எனக்கே இது தேவைப்படவில்லை. அசதயோபிரினை மாற்றியதோடு சரி. திரும்பத் திரும்பப் புற்று வருபவர்களுக்குத்தான் இதைத் தருகிறார்கள், அதுவும் கல்லீரலையும் கொழுப்பையும் பார்த்துக்கொண்டே. குழந்தை பெறும் வயதுப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: கரு உருக்குலையும். மருந்தை நிறுத்தி மூன்று வருடம் வரை கருத்தரிக்கக் கூடாது. பதிலுக்கு வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிப் போடுவதும் ஆபத்து. வாட்ஸ்அப்பில் சுற்றும் நிகோடினமைடு (வைட்டமின் பி3-இல் ஒரு வகை) உறுப்பு மாற்றாதவர்களுக்குத் தோல் புற்றைக் குறைத்துப் பலன் தந்ததுதான். ஆனால் உறுப்பு மாற்றியவர்களிடம் இதே ஆஸ்திரேலியாவில் சோதித்து 2023-இல் வெளியிட்டபோது பலன் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இத்தனை உறுப்பு மாற்று நடக்கிறது. ஒரு தோல் டாக்டரைக் கொண்டு இதை விரிவாக எழுத வையுங்கள். என் முதுகை மாதம் ஒரு முறை மனைவி டார்ச் அடித்துப் பார்க்கிறாள். கெண்டைக்காலை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடிக்காரன், பிரிஸ்பேன்