ரோஸ் நிறச் சீட்டு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்தியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மலைப்படி ஏற முடியாது என்றுதான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

சரி, நீ கடைசியில் கேட்டதற்கு வருகிறேன். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் எல்லாச் சின்னத்திலும் குத்திவிட்டு வரப்போகிறேன், அது தப்பா என்று கேட்டிருந்தாய். தப்பில்லை சாந்தி. ஆனால் அந்தச் சீட்டு பெட்டியில் விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதைச் சொல்கிறேன்.

2020 ஜனவரி 2ஆம் தேதி ஓட்டு எண்ணிக்கைக்கு எனக்கு டியூட்டி போட்டிருந்தார்கள். எந்த ஒன்றியம், எந்த ஊர் என்று எழுதமாட்டேன், ரகசியம் காப்பதாக உறுதிமொழி கொடுத்திருக்கிறோம் அல்லவா. பெட்டியைக் கவிழ்த்ததும் முதல் வேலை நிறம் பிரிப்பது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். அப்புறம் ஐம்பது ஐம்பதாகக் கட்டு. நள்ளிரவு தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தோம். மடிப்பில் மை ஒட்டி இரண்டு சின்னத்திலும் தெரிவது, இரண்டு பேருக்கு நடுக்கோட்டில் குத்துவது, ஒன்றுமே குத்தாமல் மடித்துப் போடுவது, இப்படி வந்துகொண்டே இருக்கும். சந்தேகமானதை எல்லாம் தனியே வைத்து அதிகாரியிடம் காட்ட வேண்டும்.

அதில் ஒரு ரோஸ் சீட்டு. எல்லாச் சின்னத்தின் மேலும் முத்திரை. ஓரத்தில் நீலப் பேனாவில் ‘சுடுகாட்டுக்கு பாதை இல்லை’ என்று எழுதியிருந்தது. வாத்தியார் புத்தி, ‘ப்’ விட்டுப்போனதைத்தான் கண் முதலில் பார்த்தது. அப்புறம்தான் விஷயம் உறைத்தது. சாவடிக்குப் பேனா எடுத்து வந்து, அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்த, ஒருவர் நின்று எழுதியிருக்கிறார். பிணத்தை வரப்பில் தூக்கிக்கொண்டு போன ஏதோ ஒரு நாள் அவர் மனத்தில் இருந்திருக்கும்.

அதிகாரி வாங்கிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தார். ஆனால் விதி விதிதான். செல்லாது என்று குறித்து, மை ஒட்டியதும் வெறும் சீட்டும் கிடந்த அதே கட்டில் வைத்தார். முடிவுத் தாளில் அது ‘செல்லாதவை’ என்ற எண்ணுக்குள் ஒன்றாகச் சேர்ந்தது. கைநடுங்கித் தவறாகக் குத்திய பாட்டியும், பாதை கேட்டு எழுதியவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். வாசகத்தைப் படித்தது மேசையைச் சுற்றி இருந்த நாங்கள் நாலைந்து பேர். எங்கள் யாருக்கும் பாதை போடும் அதிகாரம் கிடையாது. இதுதான் சாந்தி எனக்கு ஆறவே இல்லை.

‘இவர்களில் யாருக்கும் இல்லை’ என்று அழுத்தும் நோட்டா வந்ததே, அது இதைத் தீர்க்கவில்லையா என்று கேட்பாய். 2011 சட்டமன்றத் தேர்தலில் நான் இருந்த சாவடிக்கு ஒரு பையன் வந்து, “எனக்கு யாருக்கும் போட வேண்டாங்க, 49 ஓ” என்றான். யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவு செய்ய அப்போது இருந்த விதி அது. 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கினோம். கட்சி ஏஜென்ட்டுகள் அத்தனை பேரும் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்துபோனது. இப்படி ரகசியம் போகக் கூடாது என்றுதான் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27ஆம் தேதி நோட்டாவுக்குத் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதியாக இருந்து சொன்னவர் நம் ஈரோட்டுப் பக்கத்து சதாசிவம். முகம் காப்பாற்றப்பட்டது, நல்லது. ஆனால் காரணம் அங்கேயும் தொலைந்துதான் போகிறது. 2014இல் நீலகிரியில் 46,559 பேர் நோட்டா அழுத்தினார்கள். பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியான தொகுதி அது. அந்த ஆத்திரத்தில் அழுத்தியவர்கள் இருப்பார்கள், யார்மேலும் நம்பிக்கை இல்லாதவர்களும் இருப்பார்கள். எண்ணைப் பார்த்து எப்படிப் பிரிப்பது? நோட்டா முதலிடத்தில் வந்தாலும் அடுத்து நிற்கும் வேட்பாளர்தான் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகிறார். 2022 நகராட்சித் தேர்தலில் என் மகள் மெஷினில் நோட்டாவைத் தேடினாள், அந்தப் பட்டனே இல்லை.

மொடக்குறிச்சியை நீ மறந்திருக்க மாட்டாய். 1996இல் நம் கண்ணெதிரே நடந்தது. தங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று விவசாயிகள் திரண்டு மனு போட, ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதே வருஷம் சட்டமன்றத்துக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். குறையைக் கேட்டதைவிட வேகமாகக் கதவைச் சாத்தினார்கள் என்று அன்றைக்கே எனக்கு வருத்தம். இருந்தாலும் அந்த விவசாயிகள் எதற்காக நின்றார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. சீட்டுக்கு வெளியே, வாய்விட்டுச் சொன்னதால் தெரிந்தது. 2024இல் இந்தூரிலும் அப்படித்தான். காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் மனுவை வாபஸ் வாங்கி பாஜகவில் சேர்ந்தார். நோட்டாவுக்குப் போடுங்கள் என்று காங்கிரஸே வெளிப்படையாகக் கேட்டது. 2,18,674 ஓட்டு விழுந்தது. ஜெயித்தவர் பதினொரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார், அது வேறு. ஆனால் அந்த இரண்டு லட்சம் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். உன் தெருவில் மூன்று வருஷமாகத் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுக் கிடக்கிறது என்று எழுதினாயே, அதை முதலில் ஒரு தாளில் எழுது. தெருவில் இருபது வீட்டிலாவது கையெழுத்து வாங்கு. தேர்தலுக்கு முன்பே நிற்கிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடு, கிராம சபையிலும் வாசி. யாரும் பதில் சொல்லவில்லையா, அப்போது நீங்கள் இருபது வீடும் சேர்ந்து செல்லாத ஓட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டே போடுங்கள். தனியாகப் போய்ச் சீட்டில் எழுதிவிட்டு வராதே. அதைப் படிக்கப்போவது என்னைப் போல ஒரு வாத்தியார்தான்.

மனுவை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு, ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன். அடுத்த மாதம் டாக்டரிடம் காட்டிவிட்டு நேரே உன் வீட்டுக்கு வருகிறேன். பச்சைப்பயறு கடைந்து வை.

அன்புடன்,
வசந்தா