ஏர் கன்னைத் திருப்பிக் கொடுக்காதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே சம்பா அறுப்பு முடிந்தது. அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து இப்போது காய் பிடித்து நிற்கிறது. குடமுருட்டியில் மணல்தான் தெரிகிறது, இனி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால்தான் தண்ணீர்.

சரி, நீ எழுதிய மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம் புது ஏர் கன்தான். மடக்கவே முடியவில்லை, மடக்கினால் கரகரவென்கிறது, சுட்டால் புகை வருகிறது, குண்டு ஒரு இடத்தில் விழுவதில்லை, அதனால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறாய். கொடுக்காதே. என்னுடையதும் முதல் மாதம் இப்படித்தான் இருந்தது. அதில் எது தானாகப் பழகிச் சரியாகும், எது எத்தனை தடவை சுட்டாலும் சரியாகாது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. உனக்கு அந்த ஒரு வருஷம் வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தேர்த் திருவிழாவில் பலூன் சுடுகிற கடை நினைவிருக்கிறதா? எட்டாவது படிக்கும்போது அந்தத் துப்பாக்கியை நாமே ஒரு கையால் மடக்குவோமே. அதையே மனசில் வைத்துக்கொண்டு புதுசை மடக்கினால் பயமாகத்தான் இருக்கும். அந்தத் துப்பாக்கி ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்ந்தது, ஸ்பிரிங் தளர்ந்து போயிருக்கும். மடக்கும்போது அமுங்குகிற ஸ்பிரிங்தான் சுடும்போது பிஸ்டனைத் தள்ளி, அந்தக் காற்றால் குண்டை அனுப்புகிறது. உன்னுடையதில் அந்த ஸ்பிரிங் புதுசு, பிஸ்டன் தலையில் இருக்கும் வாஷர் குழாயின் சுவரோடு இன்னும் ஒத்துப்போகவில்லை, உரசுகிற இரும்பு எதுவும் இன்னும் வழுவழுப்பாகவில்லை. நம்ம ஊர் எலிக்கிட்டியை நினைத்துக்கொள். புது மூங்கிலை வளைத்துக் கட்டும்போது கை எப்படி நடுங்கும்? நாலு தடவை கட்டிய கிட்டி அப்படி இருக்காது.

அந்த இறுக்கம் தானாகக் குறையும். நான் அதை அளந்தே பார்த்தேன். உளுந்து மூட்டை நிறுக்கிற தூக்குத் தராசின் கொக்கியை பேரல் நுனியில் மாட்டி இழுத்தேன். முதல் நாள் 19 கிலோ காட்டியது, நானூறு குண்டு சுட்ட பிறகு 15-க்கு வந்தது. குண்டு போடாமல் இழுத்துப் பார், தராசைக் கழற்றும் வரை பேரலைக் கையிலிருந்து விடாதே. அவசரப்பட்டு எதையும் தேய்க்காதே, கழற்றாதே. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது குண்டு போதும், கையும் தாங்கும். மடக்கும்போது தோளில் பதிகிற கட்டையின் அடியைத் தொடையில் ஊன்றி, பேரலை நுனிக்குப் பக்கத்தில் பிடி. நடுவில் பிடித்தால் பாரம் இரண்டு மடங்காகத் தெரியும். நுனியில் இருக்கிற குறிமுள் உள்ளங்கையைக் கிழிக்கும், ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள். பேரலின் பூட்டு விடாமல் இருந்தால் நுனியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டு, அதில் தப்பில்லை.

புகையும் முதல் ஐம்பது அறுபது குண்டுக்கு வரும். ஆலையில் தடவிய கிரீஸ் உள்ளே இருக்கிறது, பிஸ்டன் காற்றை அமுக்குகிற சூட்டில் அது எரிகிறது, டீசல் இன்ஜினில் நடப்பதேதான். வாடையும் கருகலாக இருக்கும். தானாக நிற்க வேண்டியது அது. நான் என்ன செய்தேன் தெரியுமா, இறுக்கம் குறையட்டும் என்று பேரலை மடக்கினால் தெரிகிற, காற்று வருகிற சின்ன ஓட்டையில் தையல் மெஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டேன். அடுத்த குண்டு பட்டாசு மாதிரி வெடித்தது, வாஷர் கருகிவிட்டது, கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் கொடுத்துத்தான் மாற்ற முடிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த ஓட்டையில் எந்த எண்ணெயும் விடாதே. கிரீஸ் வைக்க வேண்டிய இடம் வேறு: பேரல் மடங்குகிற மூட்டு, அப்புறம் மடக்கும் கம்பி உரசுகிற பள்ளம். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் வாங்கி ஈர்க்குச்சி நுனியால் தொட்டு வை, அவ்வளவு போதும்.

இனி பழகினாலும் போகாதவை. உன் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் 'கரகர'. இறுக்கம் வேறு, கரகரப்பு வேறு. கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் மூன்றையோ நாலையோ கழற்றினால் இரும்புப் பாகம் முழுசாக வெளியே வந்துவிடும், ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். (ஸ்பிரிங் இருக்கிற பின்மூடியை மட்டும் நீயே திறக்காதே, அது அமுங்கியபடியே உட்கார்ந்திருக்கிறது, முகத்தில் பாயும்.) கீழே நீளமாக ஒரு பள்ளம் தெரியும். என்னுடையதில் அதன் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது, மடக்கும் கம்பியில் பளபளவென்று கீறல் விழுந்திருந்தது. 400 நம்பர் எமரித் தாளால் ஓரத்தை மட்டும் மெதுவாக வருடி, தூள் ஒன்றுகூட உள்ளே போகாமல் துணியால் துடைத்து எடுத்தேன். கரகரப்பு அன்றைக்கே போய்விட்டது.

அடுத்தது மூட்டு போல்ட். சிலர் முடுக்கித் தள்ளி அனுப்பிவிடுகிறார்கள், சிலர் லொடலொடவென்று. மடக்கி ஸ்பிரிங் பூட்டிய பிறகு பேரலை எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் அது தன் எடையில் தொங்கிப் போகாமல் அங்கேயே நிற்க வேண்டும், ஆனால் லேசாகத் தள்ளினால் நகர வேண்டும், பக்கவாட்டில் ஆடவே கூடாது. இதைப் பார்க்கும்போதும் ஒரு கை பேரலை விடக்கூடாது, ட்ரிகர் பக்கம் விரல் போகவே கூடாது. பேரல் திறந்திருக்கும்போது ட்ரிகர் விழுந்தால் பேரல் சாட்டை மாதிரி நிமிரும், விரலும் போகும், பேரலும் வளையும். குண்டு போடும்போதும் இதேதான். குண்டு போடாமல் வெறுமனே சுடுவதும் வேண்டாம். முன்னால் குண்டு இருந்தால்தான் காற்று மெத்தை மாதிரி பிஸ்டனைத் தாங்கும், இல்லையென்றால் அது போய் இரும்பில் மோதும்.

குண்டு சிதறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஸ்க்ரூ. இந்தத் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும், அதில் கட்டை ஸ்க்ரூக்கள் தளரும். ஐம்பது குண்டுக்கு ஒரு தடவை பார்த்து முடுக்கு. நான் மகளின் நகப் பாலிஷை ஒரு சொட்டு மரையில் வைத்து முடுக்கினேன், அதற்குப் பிறகு தளரவில்லை. பேரல் சேருகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் சோதித்துப் பார். விளக்குத்திரிப் பஞ்சைப் பிய்த்து அந்த இடத்தின் மேல் வைத்துச் சுட்டால், காற்று கசிந்தால் பஞ்சு பறக்கும். புது வளையம் சில ரூபாய்தான்.

மீதிக் கால்வாசி நம் கைதான். முன்னால் தாங்குகிற கையால் கட்டையை இறுக்கிப் பிடிக்காதே, திறந்த உள்ளங்கையில் படுக்க வை. குண்டு பேரலை விட்டுப் போவதற்குள்ளேயே பிஸ்டன் ஆடி முடிக்கிறது, அந்த ஆட்டம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். எனக்கு இதுதான் கடைசியாகப் பிடிபட்டது. பிடிபட்ட அன்று பத்து மீட்டரில் ஐந்து குண்டு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தது, அந்தத் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். ஸ்கோப் கேட்டிருந்தாய். ஐநூறு குண்டு போகட்டும், அதுவும் ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே செய்ததாக வாங்கு. மற்றது இந்த முன்னும் பின்னுமான உதையில் உள்ளே உடைந்துவிடும்.

உன் மகள் ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய், எனக்கு ரொம்ப சந்தோஷம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுடுவதும் இதே பத்து மீட்டர்தான். அவர்கள் துப்பாக்கி காற்றைச் சிலிண்டரில் அடைத்தது, ஸ்பிரிங் உதை கிடையாது. பத்துப் புள்ளிக்கான வட்டம் 0.5 மில்லிமீட்டர். அதை அவளிடம் ஒரு தாளில் வரைந்து காட்டு. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் மட்டும் விடாதே.

வைக்கோல் போரில் சுடலாமா என்று கேட்டாய், ஊருக்கு வரும்போது. கூடாது. ஈயக் குண்டு வைக்கோலுக்குள் போய் மாட்டு வயிற்றுக்குப் போகும். நான் பழைய மாம்பழப் பெட்டியில் குளத்துக் களிமண்ணை அடைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, கொல்லைச் சுவரோரம் வைத்திருக்கிறேன். ஈரமாக இருக்கும் வரை குண்டு அதிலேயே புதைகிறது. காய்ந்தால் தெறிக்கும், அதனால் தினமும் ஒரு செம்புத் தண்ணீர்.

போன வாரம் பக்கத்து வயல்காரர் வந்து, உளுந்தை மயில் கொத்துகிறது, ஒன்று ரெண்டைப் போடேன் என்றார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். 1972 வன உயிரினச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் சுட மாட்டேன். 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் கன்னுக்கு 2016 ஆயுத விதிகளில் உரிமம் கேட்பதில்லை. நம்பி விட்டிருக்கிறார்கள். மடையானையும் கொக்கையும் இதால் அடித்துத் தூக்கிக்கொண்டு போகிற பையன்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கு மினுமினுக்கிற நாடாவை வாங்கி நானே வயலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன், இரண்டு நாளாக மயில் எட்டத்தில்தான் நிற்கிறது.

முதலில் கட்டையைக் கழற்றி அந்தப் பள்ளத்தின் ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பு, பிசிறு எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன். தராசு கிடைத்தால் இன்றைய கிலோவையும் குறித்து வை. ஆடிப்பெருக்குக்கு வரும்போது துப்பாக்கியை உறையில் போட்டு, பில்லோடு எடுத்து வா. அதற்குள் ஆற்றில் தண்ணீரும் வந்திருக்கும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை