அளவு எழுதிக் கொடுத்தும் தேய்ந்த புஷ்ஷைப் பார்த்துக் கடைந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
புல்லட் 350 உரிமையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
மேலாளர்,
உதிரிபாகத் தயாரிப்புப் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: ஆர்டரின் பேரில் செய்த ஸ்மால் எண்ட் புஷ் அளவிலும் உலோகத்திலும் தவறாக இருப்பது.

ஐயா,

வணக்கம். 1970களில் வந்த என் புல்லட்டுக்காக நீங்கள் செய்து கொடுத்த ஸ்மால் எண்ட் புஷ்ஷை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல்முனைத் துளையில் உட்கார்ந்து, பிஸ்டன் பின்னைத் தாங்கும் உலோக வளையம் இது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். விரலால் தள்ளினாலே கனெக்டிங் ராடுக்குள் போய் மறுபக்கம் விழுகிறது.

கடையில் கிடைக்கிற புஷ் போதும் என்றால் உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன். பழைய புஷ் பிடிப்பு விட்டு ராடுக்குள்ளேயே சுற்றியதில் ராடின் துளையும் தேய்ந்தது, புஷ்ஷின் வெளிப்பக்கமும் தேய்ந்தது. மெக்கானிக் அந்தத் துளையை ஹோனிங் செய்து, அதாவது உள்ளே கல்லால் தேய்த்து, வட்டமாக்கினார். துளை பெரிதாகிவிட்டதால்தான் வெளிவிட்டம் கூடுதலான புஷ் தேவைப்பட்டது. ராடையே மாற்றிவிடலாமே என்று உங்கள் ஆள் கேட்டார். அதற்குக் கிராங்கைப் பிரித்து, திரும்ப அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். ராடின் கீழ்முனையான பிக் எண்ட் நன்றாக இருக்கிறது. புல்லட் தயாரித்த திருவொற்றியூர் தொழிற்சாலையில் பூட்டிய கிராங்கை ஒரு புஷ்ஷுக்காக ஏன் பிரிக்க வேண்டும்?

பழைய புஷ்ஷை நான் கொடுத்தது நீளத்துக்கும் ஆயில் துளையின் இடத்துக்கும் மட்டும்தான். வெளிவிட்டத்தை அதில் பார்க்கக் கூடாது என்று வரைபடத் தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். ராடின் துளையைவிட 0.04 மி.மீ. பெரிதாக வேண்டும், உள்விட்டத்தைக் குறைவாக விடுங்கள், ஏற்றியபின் நாங்கள் ரீமர் போட்டு உள்ளே செதுக்கி அளவுக்குக் கொண்டுவருகிறோம் என்றும் அதிலேயே இருக்கிறது. வந்த புஷ்ஷை மைக்ரோமீட்டரில் பிடித்தால் பழைய புஷ்ஷின் அளவு அப்படியே வருகிறது. அதாவது தேய்மானத்தையும் சேர்த்துக் கடைந்திருக்கிறீர்கள். உள்விட்டமும் முடித்த அளவில் இருக்கிறது, ரீமர் போட அதில் உலோகமே மிச்சமில்லை.

ஆயில் துளையும் போடவில்லை. இந்த இன்ஜினில் ஸ்மால் எண்டுக்குத் தனி ஆயில் குழாய் கிடையாது. கிராங்க் சுற்றும்போது தெறிக்கிற ஆயில் ராடின் தலையில் உள்ள துளை வழியாக இறங்கினால்தான் பிஸ்டன் பின்னுக்கு உயவு. துளையில்லாத புஷ்ஷைப் பூட்டி நெடுந்தூரம் ஓட்டினால் பின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் உலோகம். பில்லில் பாஸ்பர் பிரான்ஸ் (ஒரு வகை வெண்கலம்) என்று போட்டு அதற்கான விலையையும் வாங்கியிருக்கிறீர்கள். விளிம்பில் அரம் வைத்து ஒரு இழுப்பு இழுத்தோம், பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்தது. பழைய புஷ்ஷில் அதேபோல் அரம் போட்டால் செம்பு கலந்த பழுப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். இது பித்தளை என்றே என் மெக்கானிக்கும் சொல்கிறார். இல்லை என்றால் உலோகப் பரிசோதனை அறிக்கை கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

போனில் பேசியபோது, வெளிப்பக்கம் சுற்றிலும் பஞ்ச் அடித்து, புள்ளி புள்ளியாக மேடு எழுப்பி, டைட் செய்து ஏற்றுங்கள் என்றார் உங்கள் மேற்பார்வையாளர். பஞ்ச் அடித்த புஷ் அந்தப் புள்ளிகளில் மட்டும்தான் ராடைத் தொடும். கொஞ்ச நாளில் அவை அமுங்கி, பழையபடி சுற்ற ஆரம்பிக்கும். இரண்டாம் முறை அந்தத் துளை தேய்ந்தால் ராடு குப்பைக்குத்தான் போகும். லேத் பட்டறை நடத்துகிறவர்கள் இந்த யோசனையைச் சொல்லலாமா? எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது.

என் வரைபடத்தின்படி பாஸ்பர் பிரான்ஸில், ஆயில் துளையோடு புதிய புஷ் செய்து 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள், வேறு பட்டறையில் செய்துகொள்கிறேன். எதுவானாலும் என் பழைய புஷ்ஷும் வரைபடமும் எனக்குத் திரும்ப வேண்டும். பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: புஷ், பில் நகல், வரைபட நகல்